நீங்க வந்தாத்தான் வெட்டுவேன்

எங்கள் மருத்துவமனையில் அந்த வருடம் அறுவைச் சிகிச்சை கற்கச் சேர்ந்தவர்கள் ஏழு பேர். ஆறு பேருக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான். ஏழாவது ஆளுக்கு முப்பத்தைந்து. முதல் நாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வரிசையில் நின்றபோது அலுவலக எழுத்தர் அவரைப் பார்த்து, "நீங்க யாரோட அம்மா?" என்று கேட்டார்.

"ஏழு வயசுப் பொண்ணோட அம்மா. ஆனா படிக்க வந்திருக்கிறது நான்தான்" என்றார் அவர்.

வரிசையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்றைக்கே அவருக்கு 'அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. நர்ஸுகள், மயக்க மருத்துவர், தியேட்டர் வாசலில் செருப்பு எடுத்து வைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். தன்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

அக்காவின் அப்பா லாரி ஓட்டியவர். அக்கா ஒன்பது வருடம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தார். அங்கே இருந்தது இரண்டே டாக்டர்கள். வயிற்றைத் திறக்கத் தெரிந்தவர் யாரும் கிடையாது. வெட்டினால் பிழைத்துவிடுவார் என்று தெரிந்தவர்களையெல்லாம் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, வழியிலேயே போய்விட்டார் என்ற செய்திக்குக் காத்திருந்து காத்திருந்து வெறுத்துப்போய்த்தான் அந்த வயதில் மறுபடி புத்தகத்தைத் தூக்கினார். கணவர் கணக்கு வாத்தியார். "நீ போ, பொண்ணை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவர், சொன்னபடியே பார்த்துக்கொண்டார்.

எங்களை முதலில் போட்டது ஒன்றாம் பிரிவில். அதன் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'இடி'. எங்களுக்கு முன் வந்தவர்களும் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் கை பொன்னான கை. மற்றவர்கள் இரண்டு மணி நேரம் எடுக்கும் வேலையை ஐம்பது நிமிடத்தில் முடிப்பார். ரத்தம் ஒரு கரண்டிகூட வீணாகாது. காலை ஆறு மணிக்கு வார்டில் நிற்பார். ஒரு நாள்கூட விடுப்பு எடுத்தவரில்லை. ஆனால் சொல்லிக்கொடுப்பது என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். முதுகுக்குப் பின்னால் நிற்பார். தையல் ஒரு நூலிழை விலகினால் இடுக்கியின் பின்பக்கத்தால் விரல் கணுவில் ஒரு தட்டு. "எடு கையை. உனக்கெல்லாம் யாரு சீட்டு குடுத்தது?" என்பார். வார்டில் நோயாளிகள் முன்னாலேயே, "இதுகூடத் தெரியாதா? வந்த வழியே போய்டு" என்பார்.

இதனால் எங்களுக்கு என்ன ஆனது என்று யாரும் அப்போது கேட்கவில்லை. என்னைப் பற்றி நானே சொல்கிறேன். நோயாளியின் வயிற்றைவிட அவருடைய புருவத்தை நன்றாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி தலையாட்டக் கற்றுக்கொண்டேன். ரத்தப் பரிசோதனை முடிவு வராவிட்டால் ஓர் எண்ணை வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டு, பிறகு ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் ஹவுஸ் சர்ஜன் பெண் ஒருத்தி ஊசி போடத் தடுமாறியபோது, "வந்த வழியே போய்டு" என்று என் வாயிலிருந்து வந்தது. குரல் என்னுடையது, வார்த்தை அவருடையது.

அக்கா மட்டும் வேறு மாதிரி. தெரியாவிட்டால் "தெரியலை சார்" என்பார். இடி முழங்கி முடிக்கும் வரை நிற்பார். முடிந்ததும், "சரி சார். இப்ப சொல்லிக் குடுங்க" என்பார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் இடிக்குப் பொறுக்காது. ஒரு தடவை இடுக்கியால் தட்டியபோது அக்கா கையை எடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. "சார், ஊசி உள்ள இருக்கு. தட்டுனீங்கன்னா குடல்ல குத்தும். வாயால சொல்லுங்க, கேக்கறேன்" என்றார்.

"ஏன்க்கா வாயைக் குடுத்து வம்பை வாங்கறீங்க?" என்று நான் கேட்டேன்.

"குட்டக் குட்டக் குனியறவனும் முட்டாள்னு சொல்லுவாங்க இல்ல? என்னால குனிய முடியாது தம்பி, இடுப்பு வலி" என்றார்.

இரண்டாம் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வார்டில் நான்தான் டியூட்டி. நான்கு நாளுக்கு முன் இடி ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்குக் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து இணைத்திருந்தார். மத்தியானம் ஒரு மணிக்கு அந்த ஓட்டுநரின் நாடி நூற்றிருபத்துநான்கு. வயிறு பலகை மாதிரி இருந்தது. முகத்தில் வேர்வை. தையல் விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் முதலில் வந்தது நோயாளியைப் பற்றிய பயமில்லை, போனைப் பற்றிய பயம். இருபது நிமிடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். அப்புறம் கூப்பிட்டேன்.

"தையல் போட்டது யாரு?" என்றார் இடி.

"நீங்க சார்."

"என் தையல் பிரியாது. காய்ச்சலுக்கு மருந்து குடு. நாளைக்குக் காலைல பாக்கறேன். ஞாயித்துக்கெழம சாப்பிடக்கூட விட மாட்டீங்களா?"

போனை வைத்துவிட்டார். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரியவரே சொல்லிவிட்டார், இனி நான் யோசிக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு அக்காவுக்கு டியூட்டி கிடையாது. பயிற்சிப் பதிவேட்டை எழுதி முடிக்க வார்டுக்கு வந்திருந்தார். போகிற வழியில் ஓட்டுநரின் கட்டிலருகே நின்றார். வயிற்றில் கை வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னியா?"

"சொல்லிட்டேன்க்கா. காலைல பாக்கறேன்னுட்டார்."

"காலைல இவர் இருப்பாரா?"

அக்கா தானே போன் செய்தார். மறுபக்கத்து முழக்கம் எனக்கே கேட்டது. அக்கா கேட்டு முடித்துவிட்டு, கேஸ் ஷீட்டை எடுத்து எழுதினார்: இரண்டு பத்துக்குப் பிரிவுத் தலைவரிடம் சொல்லப்பட்டது, நாளை காலை வரை காத்திருக்கச் சொன்னார், நோயாளியின் நிலை காத்திருக்கக் கூடியதாக இல்லை. கீழே கையெழுத்து. பிறகு அன்று அவசர சிகிச்சைக்குப் பொறுப்பாக இருந்த வேறொரு பிரிவின் மருத்துவரைக் கூப்பிட்டார். அவர் பத்து நிமிடத்தில் வந்தார். மூன்றே முக்காலுக்கு ஓட்டுநர் மேசையில் இருந்தார். வயிறு முழுக்கக் கலங்கல். இணைத்த இடத்தில் ஒரு விரல் நுழையும் ஓட்டை. ஐந்து வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இழுத்துக்கொண்டு கிடந்து, ஆள் பாதியாகி, கடைசியில் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை இடியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் கேஸ் ஷீட். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாமல் பேசியதை அன்றுதான் முதன்முறை கேட்டேன்.

"இந்தப் பக்கத்தை மாத்தி எழுதிக் குடுங்க. ரெண்டு மணிக்கு நோயாளி நல்லா இருந்தார். என்னைக் கூப்பிடலை. மூணு மணிக்குத் திடீர்னு மோசமாச்சு. அவ்வளவுதான்."

நான் எழுதிக் கொடுத்தேன். ஆமாம், எழுதிக் கொடுத்தேன். எனக்கு அப்பா இல்லை, தங்கச்சி படித்துக்கொண்டிருந்தாள், என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். காரணம் பயம்தான்.

அக்கா பேனாவை எடுக்கவேயில்லை. "சார், நான் எழுதினது அப்படியே இருக்கட்டும். தப்புன்னா நீங்க பக்கத்துல எழுதுங்க, நான் பொய் சொல்றேன்னு. கையெழுத்தும் போடுங்க."

"யார்கிட்டப் பேசறோம்னு தெரியுதா?"

"தெரியுது சார். எங்கப்பா லாரி ஓட்டினார். பிரேக் பிடிக்கலைன்னு சொன்னா முதலாளி திட்டுவான், சொல்லலைன்னா மலை திட்டும்னு சொல்லுவார். நீங்க திட்டறது பரவாயில்லை."

விசாரணை என்று ஒன்று நடந்தது. ஒரே கோப்பில் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் இரண்டு பக்கங்கள். ஒன்று அக்காவுடையது, ஒன்று என்னுடையது. 'தகவல் பரிமாற்றத்தில் குறைபாடு' என்று எழுதி மூடிவிட்டார்கள். இடிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் பயிற்சிப் பதிவேட்டில் மட்டும் இடி கையெழுத்துப் போட மறுத்தார். 'போதிய முதிர்ச்சி இல்லை' என்று எழுதினார். முப்பத்தேழு வயதுக்காரிக்கு! பயிற்சிக் காலம் ஒரு வருடம் நீட்டிக்கப்பட்டது. அக்காவை இரண்டாம் பிரிவுக்கு மாற்றினார்கள்.

வேறு யாராவது என்றால் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். போகச் சொல்லி நானே சொன்னேன். அன்று அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை. "போனா அவர் எழுதினது உண்மையாயிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியில் இருந்த ரொட்டியைப் பாதி பிட்டு என் பக்கம் தள்ளினார். கோபத்திலும் பங்கு வைக்கிற பழக்கம் அவருக்கு.

இரண்டாம் பிரிவின் தலைவரை 'கையெழுத்து' என்று கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. பயிற்சியில் இருப்பவர்களைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். ஆனால் தியேட்டர் பக்கம் அவர் நிழல்கூட விழாது. அறுவைப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. வெட்டுவது பயிற்சியில் இருப்பவர். மாலையில் எல்லாக் கோப்புகளும் அவர் மேசைக்குப் போகும். பார்த்த மாதிரி, பக்கத்தில் நின்ற மாதிரி எல்லாவற்றிலும் கையெழுத்து விழும். பயிற்சியில் இருந்தவர்களுக்கோ அது சொர்க்கம். "அங்க போனா கை நிறைய கேஸ்" என்று அடித்துக்கொண்டு போவார்கள். எனக்கும் அங்கே மாற்றம் கிடைத்தது; அக்கா போன மூன்றாம் மாதம் நானும் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே எல்லோரும் தைரியசாலிகளாகத் தெரிந்தார்கள். கொஞ்ச நாளில்தான் புரிந்தது, அது தைரியமில்லை, எது தப்பு என்று சொல்ல ஆள் இல்லாததால் வந்த தெம்பு. ஒருவர் இரண்டு வருடமாக ஒரு முடிச்சைத் தப்பாகவே போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கற்றவர்களும் அதையே போட்டார்கள். குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதைதான்.

அந்த வருட இறுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நோயாளி தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. பித்தப்பையில் கல். சின்னத் துளைகள் போட்டுக் கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் அறுவை. பட்டியலில் முதல் பெயர் கையெழுத்து சார், இரண்டாவது அக்கா, கேமரா பிடிக்க நான்.

இந்த அறுவையில் ஒரே ஓர் ஆபத்தான இடம் உண்டு. பித்தப்பையிலிருந்து வரும் சின்னக் குழாயைக் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய குழாய் ஓடும். சின்னது என்று நினைத்துப் பெரியதை வெட்டிவிட்டால் அந்த உயிர் வாழ்நாள் முழுக்கப் படாத பாடு படும். அந்த அம்மாவுக்கு உள்ளே அழற்சி. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசின் மாதிரி இருந்தது. அக்கா முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பிரித்தார். கடைசியில் திரையில் ஒரு குழாய் தெரிந்தது.

"இதாக்கா, போட்டுடலாம்" என்றேன்.

அக்கா கிளிப் போடும் கருவியைக் கையில் வாங்கினார். திரையைப் பார்த்தார். கருவியைத் திருப்பி நர்ஸ் கையில் கொடுத்தார்.

"எனக்கு இது எதுன்னு தெரியலை. சாரைக் கூப்பிடுங்க."

கையெழுத்து சார் நிர்வாகக் கட்டடத்தில் கூட்டத்தில் இருந்தார். வெளியே ஓடிய நர்ஸ் திரும்பி வந்து சொன்னார்: "முடிச்சிடச் சொன்னார் அக்கா. நீங்க நல்லாத்தானே பண்றீங்கன்னார்."

"மறுபடி போய்ச் சொல்லுங்க சிஸ்டர். அவர் வந்தாத்தான் வெட்டுவேன்."

வயிற்றை உப்ப வைக்க ஏற்றியிருந்த வாயுவை வெளியே விட்டு வயிற்றைத் தளர்த்தச் சொன்னார். நோயாளிக்கு மயக்கம் கொடுத்துக்கொண்டிருந்த மயக்க மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா நல்லா இருக்காங்க. ஆனா எவ்வளவு நேரம்?"

"அவர் நடந்து வர்ற நேரம். கட்டடத்துக்குக் கட்டடம் நூத்தம்பது அடி."

பத்து நிமிடம் ஆனது. இரண்டாவது தடவை போன நர்ஸ் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "கூட்டத்துல பெரியவங்கள்லாம் இருக்காங்களாம். மத்த பிரிவுல யாரையாவது கேட்டுக்கச் சொன்னார்."

"பட்டியல்ல மொதப் பேர் யாரோடது சிஸ்டர்?"

"சாரோடது."

"அப்ப அவர்தான் வரணும். அந்தம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்தது அந்தப் பேரைப் பாத்துத்தான். அம்மாவுக்கு ஏதாவது ஆகுதுன்னா அடுத்த நொடி யாரை வேணா கூப்பிடறேன். ஆகலை. அதனால நிக்கறேன்."

நின்றார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகக் கோர்த்துக்கொண்டு, உறைந்த மாதிரி. "அக்கா, இதோட உங்க படிப்பே போயிடும். வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்காதீங்க" என்று காதோரம் சொன்னேன்.

"இந்தம்மா வயித்துல இருக்கிறது என் வெண்ணெய் இல்ல தம்பி."

முப்பத்தெட்டாவது நிமிடம் கதவு திறந்தது. கையெழுத்து சார் முகக் கவசத்தைக் கட்டிக்கொண்டே வந்தார். கோபத்தில் காது சிவந்திருந்தது. இத்தனை வருடத்தில் அவரைக் கோபமாகப் பார்த்ததேயில்லை. கை கழுவி, உடை மாட்டி, மேசைக்கு வந்தார். மறுபடி வாயு ஏறியது. திரை வெளிச்சமானது.

"இதைக் கிளிப் போட இவ்வளவு..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். கருவியை வாங்கி மெல்லத் தள்ளிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம். திரையில் அந்தக் குழாய் மேலே போய்க் கல்லீரலுக்குள் நுழைந்தது.

"பெருசு" என்றார் கையெழுத்து சார்.

நான் போட்டுவிடலாம் என்று சொன்ன குழாய் அது.

பித்தப்பையை முழுதாக எடுக்க வேண்டாம், பாதியோடு பத்திரமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். செய்து முடிக்க ஒரு மணி நேரம். அக்கா செய்தார், அவர் பக்கத்தில் நின்று ஒவ்வோர் அசைவையும் பார்த்தார். அந்த அம்மா மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். தனக்காக முப்பத்தெட்டு நிமிடம் ஒருத்தர் சும்மா நின்றார் என்பது அவருக்குத் தெரியாது.

அறுவை முடிந்ததும் உடை மாற்றும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் கையெழுத்து சார் உட்கார்ந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு, நான் யார் கூடவும் தியேட்டர்ல நின்னு" என்றார். "நானும் ஒண்ணாம் பிரிவுலதான் படிச்சேன். அவர்கிட்டத்தான். இன்னைக்கும் முதுகுக்குப் பின்னால யாராவது நின்னா எனக்குக் கை ஓடாது. அதான் நான் தலைவரானா யாரு பின்னாலயும் நிக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். அது நல்லதுன்னு நெனச்சேன்."

அக்கா இரக்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் படவில்லை.

"பின்னால நிக்க வேணாம் சார். எதிர்ல நில்லுங்க. எதிர்ல நின்னா என் கையும் தெரியும், உங்க முகமும் எனக்குத் தெரியும். நாலு மாசமா ஒவ்வொரு கேஸ்லயும் இதைத்தான் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். ஒவ்வொண்ணுலயும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. படிக்கலை."

அவர் அடுத்த வாரத்திலிருந்து தியேட்டருக்கு வரத் தொடங்கினார். உடனே எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். வாரத்தில் இரண்டு நாள் வருவார், ஒரு நாள் நழுவிவிடுவார். நழுவிய நாட்களில் அக்கா பட்டியலைத் தொடங்கவே மாட்டார். நோயாளி மயக்கத்துக்குப் போவதற்கு முன்பே, "சார் உள்ள வந்தாச்சா?" என்ற கேள்வி போகும். பயிற்சியில் இருந்த மற்றவர்கள் எரிச்சல்பட்டார்கள். "எங்க கேஸையும் சேத்துக் கெடுக்கறாங்க" என்று முணுமுணுத்தார்கள். அந்தத் தப்பு முடிச்சுக்காரர் அக்காவோடு பேசுவதையே நிறுத்தினார், அவருடைய முடிச்சைச் சார் ஒரு நாள் பார்த்துத் திருத்தும் வரை.

அடுத்த வருடம் பயிற்சியைப் பரிசோதிக்க வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. வருடா வருடம் வரும். ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்பார்கள். வருடா வருடம் எல்லோரும் "இல்லை" என்போம். தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். அக்கா உள்ளே போய் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. அடுத்தது நான். நாற்காலியில் உட்கார்ந்ததும் குழுவுக்குத் தலைவராக இருந்த அம்மையார் கேட்டார்.

"ஏதாவது குறை உண்டா?"

"நான் போன வருஷம் ஒரு பொய்ப் பக்கம் எழுதினேன்" என்றேன்.

எனக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை வந்தது. என் கோப்பில் இன்றும் இருக்கிறது. இடியின் பிரிவுக்கு ஒரு வருடம் பயிற்சி பெறுபவர்களை அனுப்பவில்லை. அவர் ஒருபோதும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஓய்வு பெறும் நாளில் வராந்தாவில் அக்காவைக் கடந்து போனபோது ஒரு நொடி நின்றார். "உன் கை மோசமில்லை" என்றார். "நீங்க சொல்லிக் குடுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும் சார்" என்றார் அக்கா. வணக்கம் சொல்லிவிட்டுத்தான் சொன்னார்.

பெரிய மாற்றமாக வந்தது ஒரு தாள்தான். எந்தெந்த நிலையில் இளையவர் கூப்பிட்டே ஆக வேண்டும், கூப்பிட்டால் மூத்தவர் எத்தனை நிமிடத்துக்குள் வந்தே ஆக வேண்டும் என்று ஏழு வரி. அக்காவும் தலைமை நர்ஸும் சேர்ந்து எழுதி வார்டுச் சுவரில் ஒட்டினார்கள். யாரோ கிழித்தார்கள். மறுபடி ஒட்டினார்கள். ஐந்தாவது முறை தலைமை நர்ஸ் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியால் நாலு பக்கமும் இழுத்து ஒட்டிவிட்டு, "இப்ப பிச்சா சுவரோட வரும்" என்றார். அதற்கப்புறம் யாரும் தொடவில்லை.

அக்கா தேர்வில் முதல் தடவையிலேயே தேறினார், நாற்பது வயதை எட்டும்போது. சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்குப் போனோம். அதில் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: 'குடும்பச் சூழல் காரணமாகப் பயிற்சிக் காலம் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது.'

அக்கா இரண்டு தடவை படித்தார். தாளை எழுத்தர் பக்கம் தள்ளினார்.

"என் குடும்பம் உங்களை என்ன பண்ணுச்சு?"

"அம்மா, நீட்டிச்சா ஏதாவது காரணம் போடணும். பொதுவா இதைத்தான் போடுவோம்."

"என் வீட்டுக்காரர் அஞ்சு வருஷமா பொண்ணுக்குத் தலை பின்னிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பறார். ஆரம்பத்துல ரெண்டு பக்கமும் ஏறுக்குமாறா இருக்கும். இப்ப தெருவுல இருக்கிற பொண்ணுங்கல்லாம் அவர்கிட்டப் பின்னிக்க வருதுங்க. அந்த மனுஷன் மேலயா பழி? மாத்துங்க."

மாற்றினார்கள். 'சொந்தக் காரணங்களால்' என்று வந்தது. திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறை அந்த வரியையே எடுத்துவிட்டு வெற்றிடமாக வந்தது. நான்கூட, "போதும்க்கா, ஜெயிச்சாச்சு" என்றேன்.

"காரணம் இருக்குல்ல? எழுதட்டும்."

"என்னம்மா எழுதணும்?" என்றார் எழுத்தர், ஏறக்குறைய அழுதபடி.

"மேற்பார்வை சரியில்லாததால்."

அதை எழுத யாருக்கும் அதிகாரம் இல்லை என்றார்கள். சரி என்று சான்றிதழை வாங்காமலே எழுந்து வந்துவிட்டார். பட்டம் பதிவாகிவிட்டது; வேலை செய்ய அது போதும். அக்கா இன்று ஒரு நடுத்தர மருத்துவமனையில் அறுவைப் பிரிவின் தலைவர். அவரிடம் பதினோரு பேர் கற்றிருக்கிறார்கள். அவருக்கும் கோபம் வரும், குரல் உயரும். உயர்ந்தால் அன்றைக்கே போய், "கத்தினது தப்பு, சொன்னது சரி" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரோடு சாப்பிட உட்கார்ந்தால் போன் நான்கு தடவை அடிக்கும். நான்கு தடவையும் எடுப்பார். அதில் மூன்று ஒன்றுமில்லாத விஷயமாக இருக்கும். "நல்லவேளை கேட்டே" என்று சொல்லிவிட்டு மறுபடி சாப்பிடுவார்.

அந்தச் சான்றிதழ் மட்டும் இன்னும் பழைய அலுவலகத்து அலமாரியில் கிடக்கிறது. அந்த வரியை எழுதித் தரச் சொல்லி வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். போன மாதம் போனது ஆறாவது. பதில் வரவில்லை. ஏழாவதில் என்ன எழுதுவது என்று நேற்று போனில் கேட்டேன்.

"அதே வரிதான். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்" என்றார்.